செவி சாய்ப்பதும் சுன்னத்தே!



புத்தியில் சற்றுக் கோளாறுள்ள ஒரு பெண்மணி, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தங்களிடம் ஒரு காரியம் இருக்கிறது என்றார். நாயகம் (ஸல்) அவர்கள் முகம் சுளிக்கவில்லை. எந்தத் தெருவில் நிற்கலாம் என்பதை அப்பெண்மணியின் விருப்பத்திற்கே விட்டு, ஒதுங்கி நின்று, அவர் சொல்லி முடிக்கும் வரை கேட்டார்கள். ஹஜ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

நாம் என்ன செய்கிறோம்? திண்டிவனத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பின், காதில் யாரோ பேசுவதாகச் சொல்லும் தம் மகனை ஒரு தகப்பனார் நம்மிடம் அழைத்து வந்தார். ஓதி ஊதித் தண்ணீர் கொடுத்தனுப்பினோம். அந்த வாலிபரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுவாரம் வீட்டிற்குச் சென்றால், அவர் பூட்டிய அறைக்குள் இருந்தார். "பெரியவளுக்கு நிக்காஹ் ஆகிறவரை வெளியே தெரியக் கூடாது, ஹஜ்ரத்" என்றார் தாயார். நாம் வெட்கித் தலைகுனிந்தோம்.

பூட்டும் சங்கிலியும் எங்கே கொண்டுபோய் விடும்? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே தடுத்துவிட்டது.

துஆவை விட வேண்டாம். தவாவையும் விட வேண்டாம். நோயை இறக்கியவனே மருந்தையும் இறக்கியிருக்கிறான். நல்ல பேச்சும் மருந்தே. ஹிஜ்ரி 322இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் சேர்த்தே நூல் எழுதினார். நம் காலத்தில் அமெரிக்க மருத்துவர் ஆரோன் பெக்கும் (1921–2021) அவர் வழி வந்தோரும், மனச்சிதைவு நோயுற்றோரிடம் பேசும் முறையொன்றை வகுத்தனர். "உனக்கு என்ன கோளாறு?" என்று அது தொடங்காது, "உங்களுக்கு எதில் பிரியம்?" என்று தொடங்கும். அந்தப் பிரியத்தை நோக்கி, நாளுக்கொரு சிறு காரியத்தை அவரோடு சேர்ந்து செய்வார்கள். மாத்திரையும் கூடவே தொடரும்.

விழுப்புரம் சாலையில், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அந்த வாலிபரை அழைத்துச் சென்றோம். பிறகு ஒருநாள் பக்கத்தில் அமர்ந்து, "தம்பி, என்ன ஆசை?" என்று கேட்டோம். நெடுநேரம் மௌனம். பிறகு, "பாங்கு சொல்லணும்" என்றார். முதலில் பாய் விரித்தார்; பிறகு ஹவுளைக் கழுவினார். குரல்கள் முற்றிலும் நிற்கவில்லை. ஆயினும் ஒரு அஸருக்கு அவர் பாங்கு சொன்னார். தகப்பனார் வாசலில் நின்று அழுதார்.

வீட்டில் இத்தகையோர் இருந்தால் மறைக்காதீர்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது.

அறிவில் பலவீனமானோருக்கு உணவும் உடையும் கொடுத்து, நல்ல சொல்லும் சொல்லுமாறு நிஸா அத்தியாயத்தின் 5ஆம் வசனம் ஏவுகிறது. முதல் இரண்டையும் கொடுக்கிறோம், மூன்றாவதை மறந்துவிட்டோம். அதை நிறைவேற்ற அல்லாஹுத்தஆலா நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.