கேட்கத் தெரிந்த உள்ளம்

வாழ்வில் உயரத் தன்னம்பிக்கை வேண்டும் என்று நம் பிள்ளைகளுக்கு ஓயாமல் சொல்லி வருகிறோம். 'எனக்குத் தெரியாது' என்று சொல்லும் துணிவைக் கற்பிக்க மட்டும் மறந்துவிடுகிறோம்.

உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், வயது இருபத்தைந்து. அவ்வாண்டில் சேலம் இராமசுவாமி முதலியார், சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார். இல்லை என்றே ஐயர் விடையிறுக்க நேர்ந்தது. பிறகு நூலைக் கையிலெடுத்தும் சமணக் கருத்துகள் விளங்கவில்லை. சைவ மரபில் பயின்ற அவ்வாசிரியர் ஊரிலிருந்த சமண இல்லங்களைத் தேடிச் சென்று, மாணாக்கர்போல் அமர்ந்து ஐயங்களைக் கேட்டார். அங்கோர் இல்லத்தில் அப்போதுதான் சிந்தாமணியைப் பல மாதங்கள் படித்து நிறைவு செய்திருந்தனராம்! 1887இல் நூல் அச்சேறியது. ஏழாண்டு உழைப்பு, அதன் தொடக்கம் ஒரு 'தெரியாது'.

உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் சுவாத்தியாயத்தின் ஐவகையுள் ஐயம் வினவுதலை இரண்டாவதாக வைக்கிறது. வாசித்தலுக்கு அடுத்த இடம் அதற்கே. நாமோ பட்டமும் பதவியும் வந்தபின் கேட்பதை இழுக்கென எண்ணுகிறோம். பேரப்பிள்ளையிடம் கைப்பேசியைப் பற்றிக் கேட்கக்கூடக் கூசுகிறோம்!

மற்றொன்றும் நம் நெஞ்சை உறுத்துகிறது. அன்று ஐயர் கேட்டார்; விடை சொல்ல நம்மவர் இல்லங்களில் ஆளிருந்தது. இன்று ஒருவர் அதே ஐயத்துடன் நம் வாயிற்கதவைத் தட்டினால், உள்ளிருந்து யாரை அழைப்போம்?