பூக்கட்டுவோரும் சீட்டெடுப்போரும்

"நோயாளியின் கதியைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பதா? அறமா இது?" என்று கேட்கின்றனர், மகள் மணத்துக்கும் மனை வாங்கவும் சந்நிதியில் பூக்கட்டிப் பார்க்கும் அன்பர்கள்! கேட்பவர் எவராயினும் கேள்வி கேலிக்குரியதன்று.

1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் எழுந்தது. எலும்புருக்கி என்றாலே ஆரோக்கிய நிலையம், ஓய்வு, ஊட்டம் என்பது அந்நாள் மருத்துவ மரபு. ஆலங்குளத்துக் கரிசற்காட்டுக் கூலிக்கு அது கிட்டுமா? ஆகவே சென்னை ஏழை நோயாளர் சிலரை நிலையத்தில் வைத்தும், சிலரைக் குடிசையிலேயே விட்டும், இருசாராருக்கும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தனர். யார் எங்கே என்பதைச் சீட்டு பிரித்தது. மருத்துவரே பிரித்திருந்தால், தேறக்கூடியவரைத் தமக்குப் பிடித்த பக்கம் திரட்டியிருப்பாரே!

1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டிலிருந்தோர் பெற்ற குணம் நிலையத்தார் பெற்றதற்கு ஏறத்தாழ நிகர். வீட்டாருக்குத் தொற்றும் மிகவில்லை.

எது நலமென்று தெரிந்திருந்தும் சீட்டெடுத்திருந்தால் அது கொடுமை. தெரியவில்லை, தெரிந்ததாக நடிக்கவுமில்லை. பூக்கட்டுவோருக்குச் சீட்டே விடை. இவர்களுக்கோ வினாவின் தொடக்கம்.

ஆயினும், ஆலங்குளத்துத் தொழிலாளியிடம் இன்று எவரேனும் ஆங்கிலத் தாளை நீட்டி, விளக்காமல், மறுக்கும் உரிமையுண்டு என்றும் சொல்லாமல் கைநாட்டு வாங்குவாராயின், அதனை ஆராய்ச்சி என்று நாம் ஒப்போம்.