'ரிமெம்பர்' என்னுஞ் சொல்லும் மறவாமையும்

உயிர் ஒருகால் நினைத்தலும் ஒருகால் மறத்தலும் உடைத்தென்பது யாவர்க்கும் அனுபவம். இவ்வனுபவத்தினின்று முத்தியியல்பைத் துணியப் புகுவார் வழுவாது செல்லல் வேண்டும். 1895-ஆம் ஆண்டில் ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்கள் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்ட காலந்தொட்டு, நம் சித்தாந்தப் பொருளை அம்மொழியில் எடுத்துரைப்பார் பலராயினர். அவருட் சிலர், உயிர் தன் பழைய நிலையை 'ரிமெம்பர்' செய்தலே முத்தியென்றும், அச்சொல்லிலுள்ள 'மெம்பர்' உறுப்பெனப் பொருள்படுதலால், இறைவனினின்று பிரிந்த உறுப்பாகிய உயிர் மீளப் பொருந்துதலை அச்சொல்லே காட்டுமென்றும் பேசுகின்றனர். சொல்லழகில் மயங்கிப் பொருளை இழத்தல் கூடாதாகலின், இதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் சொல்லை நோக்குவாம். உறுப்பைக் குறிக்கும் 'மெம்பர்', 'மெம்ப்ரும்' என்னும் இலத்தீன் சொல்லின் வழித்து. 'ரிமெம்பர்' என்பதோ, நினைவுடைமையைக் குறிக்கும் 'மெமோர்' என்னும் வேறொரு சொல்லிற் பிறந்து, பழைய பிரெஞ்சு மொழி வாயிலாக ஆங்கிலத்திற் புகுந்தது. அற்றேல், இடையில் நிற்கும் பகர ஒலி யாங்ஙனம் வந்ததெனின், மகர ரகரங்கள் நெருங்கிய வழிப் பிரெஞ்சு மொழியில் அவ்வொலி இடையே தோன்றுதல் வழக்கு. 'நூமெருஸ்' என்னும் இலத்தீன் சொல் 'நம்பர்' ஆயதும் அவ்வாறே. நம் இலக்கண நூலார் தோன்றல் என வழங்கும் விகாரம் போல்வது இது. தோன்றிய எழுத்தொன்றைப் பற்றுக்கோடாகக் கொண்டு தத்துவம் நாட்டுதல் மணலின்மேற் சுவரெழுப்புதலாம்.

இனி, பொருளை நோக்கினும் அக்கூற்றுப் பொருந்தாது. உயிர் இறைவனுக்கு உறுப்பாமெனின், உறுப்பைப் பற்றிய மலம் உறுப்புடையானையும் பற்றும். பதி, பசு, பாசம் மூன்றும் அநாதியென்பதே நம் துணிபு. பிரியாத ஒன்று மீளப் பொருந்துமாறு யாங்ஙனம்? இறைவன் உயிரோடு அத்துவிதமாய் என்றும் உடனிற்கின்றான்; உயிரோ ஆணவத்தால் அதனை அறியாது கிடக்கின்றது.

உறுப்பென்னாது, மறந்ததை நினைத்தலே ஞானமென்று மட்டும் கூறின் இழுக்கென்னை? எனின், கூறுதும். யவன தேயத்துப் பிளேட்டோ 'மேனோ' என்னும் நூலில், கற்றலாவது உயிர் முன்னறிந்ததனை மீள நினைத்தலே எனச் சாக்ரட்டீஸின் வாயிலாக உரைத்தனர். முன்பு அறிந்திருந்தாலன்றோ மறத்தல் கூடும்? கேவலத்தில் உயிர்க்கு அறிவு விளக்கமே இல்லை. ஆகவே அஃது இறைவனை முன்னறிந்து பின் மறந்ததன்று, அறிவிக்கவே அறிவது. எட்டாஞ் சூத்திரம் சுட்டும் அரசன் மகனைக் காண்க. வேடரிடை வளர்ந்த அவன் தன் அரசுரிமையைத் தானே நினைந்துகொண்டிலன். தந்தை வந்து உணர்த்தியபின்னரே உணர்ந்தனன். தானே நினைந்து தேறுவனெனின், குருவும் தீக்கையும் மிகையாய் முடியும். இவ்விழுக்கினைச் சிறிதென எண்ணற்க.

உலகியலினும் இது காணப்படும். சேலத்தையடுத்த எம் அயோத்தியாப்பட்டணத்துக் கோதண்டராமர் கோயிலிலே, இலங்கையினின்று மீண்ட இராமபிரான் இவ்விடத்துத் தங்கினார் என்னும் தலவரலாறு வழங்குகின்றது. ஊர்ப்பெயரும் அந்நினைவையே தாங்கி நிற்கின்றது. இவ்வூரார் எவரும் அதனைக் கண்டவரல்லர், ஆயினும் மறந்தவருமல்லர். பெரியோர் சொல்லக் கேட்டனர், கேட்டதனைப் போற்றினர். அறிவித்தல் முன்னும் மறவாமை பின்னுமாம் முறை இதனானும் விளங்கும்.

ஆயின் மறவாமையைத் திருமுறைகள் பலகாலும் போற்றுதல் என்னையெனின், அது ஞானத்தைப் பயக்குங் கருவியென்றன்று. ஞானம் பெற்றார் நன்றியென்பதுபற்றி என்க. கண்ணுக்கு உயிர் காட்டிக் காணுமாறுபோல, உயிர்க்கு இறைவன் காட்டிக் காண்கின்றான். அவ்வுதவியை அயராத அன்பினால் உயிர் அவன் திருவடியைச் சாருமென்பது பதினோராஞ் சூத்திரத்தின் கருத்து. இலத்தீன் புலவரும் செய்ந்நன்றி மறவாதானை 'மெமோர்' என்றே வழங்கினர். ஆகவே அச்சொல்லின் மெய்ப்பிறப்பு நம் கொள்கைக்கு இயைபுடையதாகின்றது. போலிப் பிறப்பே மாறுபடுகின்றது. 'ரிமெம்பர்' என ஆங்கிலத்தில் எழுதுவார், உறுப்பையும் பழைய அறிவையும் அதனுட் புகுத்தாது, உணர்த்திய அருளை மறவாதிருத்தல் என்னும் பொருளில் ஆள்வாராயின், சித்தாந்தம் பிறமொழி புகுந்தும் திரிபுறாது நிற்கும்.

திருச்சிற்றம்பலம்.