கிருகஸ்தன் மாணவனாகும்போது

அம்பர்நாத்தில் வாலதுனி நதிக்கரையில் நிற்கும் சிவாலயம், சிலாஹார மன்னன் மும்முணியின் காலத்தில், சக வருஷம் 982-இல், அதாவது கி.பி. 1060-இல் அமைந்ததென்று அதன் கல்வெட்டு கூறுகிறது. அந்தப் பழைய கோயிலைச் சுற்றிச் சென்ற நூற்றாண்டில் தீப்பெட்டித் தொழிற்சாலையும் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையும் எழுந்தன. அவற்றை நாடி வந்த குடும்பங்களுள் தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. பிற்காலத்தில் பம்பாயின் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாடகை ஏறிப் போகவே, அங்கே வேர்விட்டிருந்த வீடுகளின் பிள்ளைகளும் கல்யாணுக்கு அப்பால், விட்டல்வாடியையும் உல்லாஸ்நகரையும் தாண்டி வந்து இங்கே குடியேறினார்கள். அவர்களுள் முப்பது வயதை ஒட்டிய ஒருவர், காலையில் பஜனை மண்டலியின் தாளம் ஒலிக்கும் லோக்கல் பெட்டியில் ஏறி, பகல் முழுவதும் பாந்திரா குர்லா வளாகத்தில் உழைத்து, மாலையில் மாதுங்காவில் வணிக மேலாண்மை வகுப்பில் அமர்ந்து, பிறகு தாதரில் விரைவு வண்டியைப் பிடித்து, ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் கடந்து, குழந்தை உறங்கிய பின்னர் வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்படி மூன்று வருஷம். அவர் செய்வது வித்தியாப்பியாசமா, அல்லது உத்தியோக உயர்வைக் கருதிச் செய்யும் ஒரு கொடுக்கல் வாங்கலா? கிருகஸ்தாசிரமத்தில் புகுந்துவிட்ட ஒருவருக்கு மாணவனாக இருக்கும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது? அவர் படிக்கும் அந்த மணிநேரங்கள் யாருடையவை?

இத்தகைய படிப்பு பம்பாய்க்குப் புதிதன்று. சிடன்ஹாம் கல்லூரி 1913-இல் வணிகக் கல்விக்கென்றே தோன்றியது. தென்னாட்டிலிருந்து டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு இந்நகருக்கு வந்தவர்கள், பிழைப்புக்கான கல்வியைக் கேவலமாக நினைத்ததில்லை. தங்கள் பிள்ளைகளுக்காக அவர்கள் மாதுங்காவில் 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை ஸ்தாபித்தார்கள். உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கென்று மேலாண்மைப் பட்ட வகுப்பை முதன்முதலில் 1943-இல் தொடங்கியது அமெரிக்காவின் சிகாகோ சர்வகலாசாலை. இங்கே பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1965-இல், ஸ்டான்போர்டின் ஒத்துழைப்போடு, ஜம்னாலால் பஜாஜ் பெயரில் ஒரு மேலாண்மைக் கல்விக்கூடத்தை நிறுவிற்று. மாதுங்காவின் வேலிங்கர் கல்வி நிலையம் 1977-இல் ஏற்பட்டது. சந்தை, நிதி, மனிதவளம் ஆகிய துறைகளில் மூன்றாண்டுப் பகுதிநேர வகுப்புகளை மாலை வேளைகளில் அது நடத்தி வந்திருக்கிறது. ஆகவே அம்பர்நாத்துக்காரர் ஒரு நீண்ட வரிசையில் நிற்பவர். ஆயினும் வரிசையின் நீளம் கேள்விக்கு விடையாகிவிடாது.

பலனை விரும்பிச் செய்யும் எதுவும் தாழ்ந்தது என்று கீதையை மேலெழுந்தவாரியாகப் படித்தவர்கள் சொல்லக் கேட்கிறோம். சம்பளத்தில் எத்தனை ஆயிரம் கூடும் என்று கணக்கிட்டு வகுப்பில் சேர்ந்தவனுக்கு ஞானத்தின் வாசல் திறக்காது என்பது அவர்கள் தீர்ப்பு. இந்தத் தீர்ப்பை வழங்குகிறவர்களில் அநேகர், தங்கள் படிப்பைத் தகப்பனார் பணத்தில், இருபத்திரண்டு வயதுக்குள், வேறு கவலையின்றி முடித்தவர்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது. இவர்களுக்கு நான் கீதையைக் கொண்டு பதில் சொல்ல விரும்பவில்லை. கர்மத்தைப் பற்றி நம் தேசத்தில் எல்லோரைக் காட்டிலும் நுணுக்கமாக யோசித்தவர்களான மீமாம்ஸகர்களிடம் போகிறேன்.

ஜைமினியின் பூர்வமீமாம்ஸை பன்னிரண்டு அத்தியாயங்கள் கொண்டது. அதன் ஆறாம் அத்தியாயம், ஒரு கர்மத்தைச் செய்வதற்கு யாருக்கு அதிகாரம் என்ற விசாரணை. அங்கே ஆசை ஒரு குற்றமாகவே பேசப்படவில்லை. சுவர்க்கத்தை விரும்புகிறவன் யாகம் செய்யட்டும் என்ற விதியில், அந்த விருப்பமே அவனை அதிகாரியாக்குகிறது. ஆனால் இதே அத்தியாயத்தின் மூன்றாம் பாதத்தில் ஒரு கடுமையான பேதம் வருகிறது. தினந்தோறும் செய்தே ஆகவேண்டிய நித்திய கர்மத்தில், சக்திக்கு இயன்ற அளவு செய்தால் போதும். ஓர் அங்கம் குறைந்தாலும் கர்மம் நிறைவேறிவிடும். ஒரு குறிப்பிட்ட பலனை நாடிச் செய்யும் காமிய கர்மத்திலோ அந்தச் சலுகை கிடையாது; எல்லா அங்கங்களும் பூர்த்தியானால்தான் பலன்; ஒன்று குறைந்தாலும் இல்லை. செய்யும்படி யாரும் உன்னை நிர்ப்பந்திக்கவில்லை, நீயாக விரும்பி வந்தாய், ஆகையால் முழுவதையும் செய் என்பது அதன் கருத்து.

மாலை வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான சாஸ்திரத்தை நான் அறியேன். பள்ளிக்கூடத்துப் பையன் படிப்பது நித்திய கர்மம். வயதும் பெற்றோரும் சட்டமும் அவனை அங்கே உட்கார வைத்திருக்கின்றன. அவன் ஒரு நாள் கண்ணயர்ந்தால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். உத்தியோகஸ்தன் படிப்பது காமியம். பதவி உயர்வை விரும்பி வந்தவன் என்பதற்காக அவனைத் தாழ்த்த வேண்டியதில்லை. மாறாக, அந்த விருப்பமே அவனை முழுமைக்குக் கட்டுப்படுத்துகிறது. பலரும் நினைப்பதற்கு இது நேர் எதிர். பட்டம் ஒரு கடிதாசிதானே, எப்படியாவது கிடைத்தால் போதாதா என்று எண்ணி, செயல்திட்ட அறிக்கையைப் பணம் கொடுத்து யாரையாவது எழுதச் செய்கிறவர்கள் உண்டு. குழுவாகச் செய்யவேண்டிய வேலையில் ஒருவர் முதுகில் நால்வர் ஏறிக்கொள்வதும், வருகைப் பதிவுக்கு நண்பன் கையெழுத்திடுவதும் எங்கும் நடக்கிறவைதாம். உழைத்துக் களைத்தவர்கள்தானே, போகட்டும் என்று நாம் இவற்றுக்கு இரங்குகிறோம். களைப்பு மெய்தான்; ரயிலில் தாணே தொடங்கி அம்பர்நாத் வரை நின்றுகொண்டே உறங்கக் கற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் களைப்புக்கு இடம் தரும் கர்மம் வேறு, இது வேறு. இருப்புநிலைக் குறிப்பை வாசிக்கத் தெரியாமலே நிதித்துறைப் பட்டம் பெற்றவர், நாளைக்கு ஒரு சிறு தொழிற்சாலையின் கடனைப் பற்றித் தீர்மானிக்கும் நாற்காலியில் அமரும்போது, அந்த அங்கலோபத்தின் விளைவு அவரோடு நிற்பதில்லை; அந்தத் தொழிற்சாலையில் கூலி வாங்குகிறவர்கள் தலையில் போய் விழுகிறது.

ஆசிரமத்தைப் பற்றிய ஆட்சேபம் இவ்வளவு பலமானதன்று. முண்டகோபநிஷத்தில் அங்கிரஸை நாடிச் சென்று, எதை அறிந்தால் எல்லாம் அறியப்படும் என்று வினவிய சௌனகர், ஒரு பெரிய கிருகஸ்தர். சாந்தோக்கியத்தில் சத்தியகாமனுக்கு அவன் குரு கொடுத்தது பாடமன்று, நானூறு மெலிந்த பசுக்கள். அவற்றை ஆயிரமாகப் பெருக்கும் வரை திரும்புவதில்லை என்று வனம் புகுந்த அவனுக்கு, மேய்த்த இடத்திலும் மந்தையை ஓட்டித் திரும்பும் வழியிலும், ஒரு காளையும் அக்கினியும் பறவைகளும் பிரம்மத்தின் பாதங்களை ஒவ்வொன்றாக உபதேசித்தன. வேலைக்கும் படிப்புக்கும் இடையே சுவர் எழுப்பியது உபநிஷத்து அன்று, பிற்காலத்து நாம்தான்.

நேரம் யாருடையது என்பதே எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற கேள்வி. அம்பர்நாத்துக்காரர் மூன்று வருஷம் மாலையில் வீட்டில் இல்லை. குழந்தையின் வீட்டுப்பாடம், மாமியாரின் மருந்து வேளை, குழாயில் தண்ணீர் வரும் நேரம், உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குத் தலைகாட்டுவது எல்லாம் வேறொருவர் பொறுப்பில் போய்ச் சேர்கின்றன. கட்டணத்தை அவர் சம்பளத்திலிருந்து கட்டியிருக்கலாம். படிப்பின் மற்றொரு விலையைக் கட்டியவர் மனைவி. இங்கேயும் ஆறாம் அத்தியாயம் நமக்கு உதவுகிறது. விதிவாக்கியத்தில் ஆண்பால் வருவதால் ஆணுக்கே யாகத்தில் அதிகாரம் என்று ஐதிசாயனர் என்ற ஆசாரியர் வாதிக்க, பால் வேறுபாட்டை அங்கே கருதுவதற்கில்லை என்று பாதராயணர் மறுக்கிறார். ஜைமினி அந்தப் பக்கத்தையே ஏற்கிறார். பெண்ணுக்குச் சொத்தில்லை, ஆகவே அதிகாரமில்லை என்ற ஆட்சேபமும் எழுப்பப்பட்டுத் தள்ளப்படுகிறது. முடிவில், கணவனும் மனைவியும் சேர்ந்தே ஒரு கர்மத்துக்கு யஜமானர். ஹோமத்துக்கான நெய்யைப் பத்தினி தன் கண்ணால் பார்க்க வேண்டும். அவள் பாராத நெய் அங்கம் குறைந்தது. பலனும் இருவரையும் சேரும்.

இதே அத்தியாயத்தில் நான் தலை குனிந்து வாசிக்கும் பகுதிகளும் உள்ளன. மனைவியை இணையான யஜமானியாக்கிய நூல், கல்வியில் அவள் கணவனுக்குச் சமமல்லள் என்று காரணம் காட்டி, அவள் செய்யும் கிரியைகளைச் சுருக்கிவிட்டது. சூத்திரனுக்கு அதிகாரமில்லை என்றும் முடிவு கட்டிற்று. எல்லோருக்கும் அதிகாரம் உண்டு என்று அங்கே தனித்து வாதாடிய பாதரி என்ற ஆசாரியரின் குரல் தோற்றுப் போன பக்கமாகவே நின்றுவிட்டது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியின் தோல் பதனிடும் கொட்டடிகளில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று மாதுங்காவின் அதே மாலை வகுப்பில், அக்ரஹாரத்து வீடுகளின் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் அமர்கிறார்கள். இந்த விஷயத்தில் சரியாகக் கண்டவர் பாதரிதான். ஜைமினி தவறினார் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. மனைவியைப் பற்றிய முடிவிலும் காரணம் அழிந்துவிட்டது. கல்வியில் சமமல்லள் என்று யாரைச் சொன்னார்களோ அவளே இன்று மாலை வகுப்பின் மாணவி. மகளிர் பெட்டியில் கணக்குப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு போகும் அவளுக்கு, வீட்டில் நெய்யைப் பார்க்க வேண்டியவன் கணவன். அவன் பார்க்கிறானா? குக்கரை ஏற்றி, குழந்தையைத் தூங்கப் பண்ணி, நடுநிசிக்குச் சற்று முன்னே ஸ்டேஷனில் போய் நிற்கிறானா? ஆணின் படிப்பைக் குடும்பத்தின் முன்னேற்றம் என்றும் பெண்ணின் படிப்பை அவள் சொந்த ஆசை என்றும் இரண்டு பெயரிட்டு அழைக்கும் வீடுகள் நம்மிடையே இன்னும் மிகுதி, அது அநியாயம்.

இனி, மாலை வகுப்பில் கற்கும் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. திருவள்ளுவர் கல்வி என்ற அதிகாரத்தை அறத்துப்பாலில் வைக்கவில்லை. எழுபது அதிகாரங்கள் கொண்ட பொருட்பாலில், அரசியலை ஒட்டி வைத்தார். பொருளீட்டுவதும் ஆள்வதும் கற்றறிந்து செய்யவேண்டிய காரியங்கள் என்ற தெளிவு அந்த வைப்பு முறையிலேயே இருக்கிறது. ஆனால் அறத்துப்பால் அதற்கு முன்னால் வந்துவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாலு வேதம் முதல் கணிதமும் நிதி சாஸ்திரமும் வரை தான் கற்ற வித்தைகளையெல்லாம் சனத்குமாரரிடம் வரிசையாக ஒப்புவித்துவிட்டு, இத்தனையும் அறிந்தும் துக்கத்தில் இருக்கிறேன் என்று நாரதர் முறையிட்டதாகச் சாந்தோக்கியம் சொல்கிறது. சனத்குமாரர் அந்த வித்தைகளை வீண் என்று தள்ளிவிடவில்லை. அவற்றையே முதற்படியாக வைத்து மேலே ஏற்றினார். சந்தைக் கணிப்பும் மூலதனச் செலவும் கற்பதால் எவருக்கும் மோட்சம் கெட்டுவிடாது. அவற்றோடு நின்றுவிட்டால்தான் நாரதரின் துக்கம்.

நம் வீடுகளில் எந்தப் பூஜையும் ஹோமமும் சங்கல்பத்தோடு தொடங்குகிறது. இன்ன தேசத்தில், இன்ன வருஷத்தில், இன்ன பலனைக் கருதி என்று தேசகாலங்களைச் சொல்லும்போதே, குடும்பத்தோடு கூடிய எங்களுக்கு க்ஷேமம் வேண்டும் என்று பன்மையில் சொல்கிறோம். தனக்கு மட்டும் என்று சொல்லும் வழக்கமில்லை. கர்த்தாவின் பின்னால் மனைவி தர்ப்பையால் அவரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறாள். கல்லூரியின் விண்ணப்பத் தாளில் ஒருவர் பெயருக்குத்தான் இடம் உண்டு. அது அப்படித்தான் இருக்க முடியும். ஆனால் அதைப் பூர்த்தி செய்து கட்டணத்தைச் செலுத்துவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, வீட்டார் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, மூன்று வருஷ மாலைகளை யார் யார் எப்படித் தாங்குவது, உயர்வு வந்தால் அந்தப் பணத்திலும், அதைக் காட்டிலும் முக்கியமாகத் திரும்பக் கிடைக்கும் ஓய்விலும், யாருக்கு என்ன பங்கு, அடுத்தபடியாகப் படிக்கப் போகிறவர் யார் என்று வாய்விட்டுப் பேசித் தீர்மானிப்பதை எந்தக் கல்லூரியும் தடுக்கப் போவதில்லை.