கன்றின் விலையை யார் கொடுப்பது?

சிறுத்தையைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்வது நகரத்தில் வாழும் நமக்கு மிக எளிது. நம் முற்றத்தில் கன்றுகள் இல்லை. யால தேசியப் பூங்காவை அண்டி மாடு வளர்ப்பவருக்கோ அது கையிலிருந்து போகும் பணம்.

இரவில் மரக்கொம்புகளால் அடைத்த பட்டிக்குள் சிறுத்தை புகுந்து கன்றைக் கொன்றுவிடுகிறது. மிச்சத்தைத் தின்ன அது மறுபடி வரும் என்பது பட்டிக்காரருக்குத் தெரியும். எஞ்சிய இறைச்சியில் நஞ்சு வைக்கப்படுகிறது. 2020 ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி, இலங்கையில் வளர்ந்த சிறுத்தைகள் ஆயிரத்துக்கும் குறைவு.

அந்த மனிதரைக் கொடியவர் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. சிறுத்தையைக் கள்வன் என்று சொல்லவும் முடியாது. உடைமை என்பது மனிதருக்கிடையேயான உடன்பாடு. சிறுத்தை அதில் கைச்சாத்திடவில்லை. ஆக, குற்றவாளி எவருமில்லை. நட்டம் மட்டும் இருக்கிறது. அது யாரைச் சேரவேண்டும் என்பதே இங்குள்ள அறக்கேள்வி.

நன்மையில் பங்குள்ளவருக்கு நட்டத்திலும் பங்குண்டு என்பதே என் பதில். சிறுத்தையைப் பார்க்க வரும் உல்லாசப் பயணிகளால் ஹோட்டல்காரர் வாழ்கிறார், ஜீப்காரர் வாழ்கிறார், அரசுக்கும் வருமானம் சேர்கிறது. கன்றை இழந்தவருக்கு மட்டும் அந்தப் பந்தியில் இடமில்லை.

நட்டஈடு கொடுத்தால் காவல் தளரும், பொய்க்கணக்கும் வரும் என்பார்கள். நியாயமான அச்சம்தான். பாகிஸ்தானின் பல்திஸ்தானில் 1999 இல் பனிச்சிறுத்தைக்காகத் தொடங்கப்பட்ட காப்புறுதித் திட்டம் இதற்கு வழி காட்டியது. மேய்ப்பர்கள் தம் கால்நடைகளுக்குத் தவணைப்பணம் கட்டினார்கள். போதாததை உல்லாசப் பயணத்தோடு சேர்ந்த ஒரு நிதி ஈடுசெய்தது. இழப்பு மெய்தானா என்று பார்ப்பதில் கிராமத்தவருக்கும் பங்கிருந்தது. அங்கே பொய் சொல்பவர் அயலவரின் பணத்திலேயே கைவைக்கிறார்.

ஆனாலும் பெயர் சொல்லி அழைத்து வளர்த்த கன்றுக்குப் பணம் ஈடாகாது. இழப்பைத் தடுப்பதே முதற்கடமை. 2010 முதல் ஒரு ஹோட்டல் நிறுவனத்தின் முயற்சியால், யாலவைச் சூழவுள்ள பண்ணையாளர்களுக்கு இடம்மாற்றக்கூடிய இரும்புப் பட்டிகள் கிடைத்தன. கன்று உள்ளே பத்திரமாக இருந்தால், சிறுத்தை தன் மானைத் தேடிப் போகும்.

நல்ல காரியம். ஆனால் அதை உபகாரம் என்று சொல்ல நான் தயங்குகிறேன். உபகாரத்தை நினைத்தபோது நிறுத்தலாம். பெற்றவர் நன்றியோடு தலைகுனிந்து நிற்கவும் வேண்டும். இதுவோ கடன். நாம் நேசிக்கும் ஒரு உயிரைத் தன் பட்டியருகே வாழவிட்டவருக்கு, நாம் எல்லோரும் கொடுக்க வேண்டிய கடன்.