மின்னலும் முழுக்கூலியும்

இடி இடித்தால் 'அர்ஜுனா, அர்ஜுனா' என்பார்கள் பாட்டிமார்கள். இன்றைக்கு 'தாமினி' இருக்கிறது. புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் செல்போன் செயலி. 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் விழுந்தால் வரைபடத்தில் காட்டி எச்சரிக்கும். நல்ல விஷயம்தான். 2022-ல் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர்.

ஆனால் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டை நினைத்துப் பாருங்கள். ஐப்பசியில் உளுந்துக்கும் பாசிக்கும் களையெடுப்பு. இடிமழையும் அப்பத்தான். கண்ணுக்கெட்டிய வரை சமதரை. நிற்கிற ஆள்தான் உயரம். ஒதுங்கலாம் என்றால் ஒற்றை வேப்பமரம். அதற்கடியில் நிற்பது இன்னும் ஆபத்து.

களையெடுக்கிற அம்மாவுக்கு மின்னல் வருவது தெரியாதா என்ன? மேகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். பாதி வேலையில் கிளம்பினால் பாதிக் கூலி. மழையும் ஏமாற்றிவிட்டால்? அந்தக் கணக்கு எந்த வரைபடத்திலும் இல்லை.

ஆபத்தை முன்கூட்டியே அறிந்தவருக்கு ஒரு கடமை உண்டா? உண்டு என்றே தோன்றுகிறது. வரைபடத்தில் புள்ளியைப் பார்த்த புஞ்சைக்காரர், 'வீட்டுக்குப் போங்க தாயி, முழுக்கூலி தர்றேன்' என்று சொன்னால்தான் அது எச்சரிக்கை. இல்லையென்றால் வெறும் வேடிக்கை.