காசு கட்டினால் கடமை தீருமா?

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஆகஸ்ட் விடுமுறையில் நாங்கள் குடும்பமாக நுவரெலியாவுக்குப் போனோம். மூத்தவளுக்கு அப்போது ஏழு வயது, இளையவனுக்கு நான்கு. யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கும் ஓர் ஊரின் குளிர் பெரும் புதினமாக இருந்தது. மாலை மங்கும் நேரம் நானுஓயாவில் புகையிரதத்தை விட்டு இறங்கியதும், தன் வாயிலிருந்து புகை வருகிறதென்று இளையவன் ஊதி ஊதிப் பார்த்தான்.

நடுத்தரமான ஒரு விடுதியில் இரண்டு இரவுகளுக்கு அறை எடுத்திருந்தோம். எங்கள் வருமானத்துக்கு அது சிறிய செலவல்ல. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்த பணம். அதனாலோ என்னவோ, கொடுத்த காசுக்கு முழுப் பயனையும் பெற்றுவிட வேண்டும் என்ற எண்ணம் முதல் நாளே எனக்குள் குடிகொண்டுவிட்டது.

இரண்டாம் நாள் ஹக்கல பூங்கா, கிறகறி வாவி என்று பிள்ளைகளை அலைத்துவிட்டு வந்தோம். குளிருக்கு இதமாக இளையவன் இரண்டு குவளை பால் வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்தான். விடிகாலை நான்கு மணியளவில் மனைவி என்னைத் தட்டி எழுப்பினாள். பிள்ளை படுக்கையை நனைத்துவிட்டான். விரிப்பு மட்டுமல்ல, மெத்தையும் நன்றாக ஈரமாகியிருந்தது.

“விடிய அவையளிட்டைச் சொல்லுவம்” என்றாள் மனைவி. எனக்கோ வெட்கமாக இருந்தது. அத்தோடு, மெத்தைக்கும் சேர்த்துக் காசு கேட்பார்களோ என்ற பயம். காலைச் சாப்பாட்டுடன் புறப்படுகிறவர்கள்தானே நாங்கள்? நான் விரிப்பை உருவிச் சுருட்டிக் குளியலறை மூலையில் கிடந்த துவாய்களுக்குள் வைத்தேன். மெத்தையைத் தூக்கிப் புரட்டிப் போட்டேன். மேலே போர்வையை விரித்தேன். பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை.

மூத்தவள் விழித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். “அப்பா, இதை ஆர் கழுவுறது?” என்று கேட்டாள்.

“அவையள் கழுவுவினம். நாங்கள் காசு கட்டியிருக்கிறம்தானே. நீ படு” என்றேன்.

சில மணி நேரத்தின் பின் சாப்பாட்டு மேசையில் அவள் தோடம்பழச் சாற்றைத் தட்டி ஊற்றிவிட்டாள். வெள்ளை மேசைவிரிப்பு முழுவதும் மஞ்சளாகிவிட்டது. பரிமாறிக்கொண்டு நின்ற பையன் ஓடிவந்து துடைத்தான். அவள் கையைக்கூட எடுக்காமல், அவனை ஏறிட்டும் பார்க்காமல் இருந்தாள். “அண்ணையிட்டை மன்னிப்புக் கேள் பிள்ளை” என்றாள் தாய். மகள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: “ஏன்? நாங்கள் காசு கட்டியிருக்கிறம்தானே, அப்பா?”

அந்தப் பையன் சிரித்துக்கொண்டே துடைத்தான். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

மெத்தை விடயத்தில் நான் பிறகு என்ன செய்தேன் என்பதைப் பின்னர் சொல்கிறேன். முதலில் மகள் கேட்ட கேள்வியை எடுத்துக்கொள்வோம். அது குழந்தையின் குறும்புக் கேள்வி அல்ல. என்னுடைய வாதத்தையே அவள் எனக்குத் திருப்பித் தந்தாள். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறதா?

காசு வாங்கித் தருவது என்ன?

ஓரளவு உண்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். விடுதிப் பணியாளர் விரிப்பை மாற்றுவதும் அறையைக் கூட்டுவதும் அவர்களுடைய தொழில். அதற்கு ஊதியம் உண்டு. நம் நாட்டு விடுதிகள் பலவற்றில் பற்றுச்சீட்டின் அடியில் நூற்றுக்குப் பத்து வீதம் சேவைக் கட்டணமும் சேர்க்கப்படுகிறது. விருந்தினர் வராவிட்டால் அவர்களுக்கு வேலையே இல்லை. ஆகவே, விடுதியில் தங்குகிறவர் தம் கட்டிலைத் தாமே விரித்து, அறையைத் தாமே கழுவிவிட்டு வரவேண்டும் என்று எவரும் சொல்லப்போவதில்லை.

காசுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. எங்கள் முன்னோர் பயணம் போகையில் வழியில் மடங்கள் இருந்தன. பக்கத்தில் கேணியும் சுமைதாங்கியும் இருந்தன. தங்குகிறவர் காசு கொடுக்கவில்லை, நன்றி சொன்னார். பழந்தமிழில் ‘விருந்து’ என்ற சொல்லே புதுமையையும், புதிதாய் வருகின்ற ஆளையும் குறித்தது. அது நல்ல காலம் என்று நாம் பெருமூச்சு விடலாம். ஆனால் அந்தக் காலத்துத் திண்ணை எல்லோருக்கும் திறந்திருந்ததா? யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் மற்றவரோடு சமமாக இருந்து ஒரு தேநீர் குடிப்பதற்கே 1960களில் போராட வேண்டியிருந்தது. இன்று விடுதியின் வரவேற்பு மேசையில் இருப்பவர் அறையின் விலையைச் சொல்கிறார், சாதியைக் கேட்பதில்லை. அந்தளவில் காசு நியாயமானது.

அப்படியென்றால் நான் செய்த பிழை எது? பிள்ளை மெத்தையை நனைத்தது பிழையல்ல. ஐந்து வயது வரையில் பிள்ளைகள் இரவில் படுக்கையை நனைப்பது நோயுமல்ல, குறும்புமல்ல என்றுதான் வைத்தியர்கள் சொல்கிறார்கள். அதைப் பணியாளர் கழுவ வேண்டியிருந்ததும் பிழையல்ல. நான் மெத்தையைப் புரட்டிப் போட்டதுதான் பிழை.

அந்த மெத்தையின் கதையை மனத்தில் தொடர்ந்து பாருங்கள். அன்று மாலை வேறொரு குடும்பம் அந்த அறைக்கு வருகிறது. இரவில் மணக்கிறது. அவர்கள் முறைப்பாடு செய்கிறார்கள். முகாமையாளர் யாரைக் கூப்பிடுவார்? யாழ்ப்பாணத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட என்னை அல்ல. அன்று காலை அந்த அறையைத் துப்புரவாக்கிய ஆளைத்தான் கூப்பிடுவார். நான் ஈரத்தை மட்டும் அங்கே விட்டுவிட்டு வரவில்லை. என் வெட்கத்தையும் ஏச்சையும் இன்னொருவர் தலையில் ஏற்றிவிட்டு வரப் பார்த்தேன். அந்த மனிதர் தம் உழைப்பை விற்றார். தம் நற்பெயரை எனக்கு விற்கவில்லை.

பழைய வழக்கொன்று

“நான் பொய் சொல்லவில்லையே! ஒன்றும் சொல்லாமல்தானே வந்தேன்” என்று சிலர் கேட்கக்கூடும். இது மிகப் பழைய வாதம்.

உரோமை அறிஞர் சிசரோ கி.மு. 44ஆம் ஆண்டிலே, ஏதென்சில் படித்துக்கொண்டிருந்த தம் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் மூன்றாம் பாகத்தில் ஒரு வழக்கு வருகிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். தானியம் நெருப்பு விலை. அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வணிகர் கப்பல் நிறையத் தானியத்தோடு வந்து சேர்கிறார். பின்னால் இன்னும் பல கப்பல்கள் தானியத்தோடு வந்துகொண்டிருப்பதை அவர் கண்டிருக்கிறார். அதை அவர் சொல்ல வேண்டுமா? சொன்னால் விலை இறங்கிவிடும். சொல்லாவிட்டால் நல்ல இலாபம்.

இரண்டு தத்துவ ஆசிரியர்கள் இதில் முரண்பட்டார்கள் என்கிறார் சிசரோ. குருவான டயோஜெனிஸ், “சொல்லாமலிருப்பது வேறு, மறைப்பது வேறு” என்ற கட்சி. மாணவரான அந்திப்பாத்தர், “மனிதர் ஒருவருக்கொருவர் உதவப் பிறந்தவர்கள், அவர்களுக்கு வேண்டிய செய்தியை எப்படி மறைக்கலாம்?” என்ற கட்சி. சிசரோ கடைசியில் மாணவரின் பக்கமே சாய்கிறார். எல்லா மௌனமும் மறைப்பு ஆகாது. ஆனால் ஒரு செய்தியை அறிவதால் நன்மை பெறக்கூடியவரை, நம் சொந்த இலாபத்துக்காக அறியாமலே வைத்திருப்பது மறைப்புத்தான் என்பது அவருடைய தீர்ப்பு.

பதின்மூன்றாம் நூற்றாண்டிலே புனித தோமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் இதே வழக்கைத் திரும்பவும் எடுத்தார். அவர் வணிகரிடம் சற்று இளக்கமாகவே நடந்துகொள்கிறார். இனி வரப்போகும் கப்பல்களைப் பற்றிச் சொல்வது நீதியின் கட்டாயம் அல்ல. சொன்னால் அது மேலான புண்ணியம் என்கிறார். ஆனால் விற்கிற பொருளிலேயே வெளியில் தெரியாத குறையொன்று இருந்து, அதனால் வாங்குகிறவருக்கு நட்டமோ ஆபத்தோ வருமென்றால், சொல்லியே ஆகவேண்டும் என்பதில் அவர் இளகவில்லை.

நான் மெத்தை விற்கிற வியாபாரி அல்ல. ஆனாலும் நான் புரட்டிப் போட்ட மெத்தை எந்த வகையைச் சேர்ந்தது என்பது தெளிவு. குறை வெளியில் தெரியாது. அதைத் தெரியாமல் ஆக்கியவனே நான். நட்டம் வருவதோ, ஒன்றும் அறியாத இருவருக்கு.

துடைக்கிற கை யாருடையது?

சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து நான் அறைக்குப் போனேன். அறைப் பணியாளர் ஏற்கெனவே வந்து கதவைத் திறந்துகொண்டிருந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். நான் தயங்கித் தயங்கி நடந்ததைச் சொன்னேன். மெத்தையைக் கழுவுவதற்கு ஏதும் செலவென்றால் தந்துவிடுகிறேன் என்றேன்.

அவர் போர்வையை நீக்கி, மெத்தையைத் திருப்பிப் பார்த்தார். “சின்னப் புள்ளைங்கதானே ஐயா, இந்தக் குளிருக்கு நனைக்கத்தான் செய்யும். வெயில்ல போட்டுக் காயவச்சிரலாம். சொன்னது நல்லதுங்க. சொல்லாம போனாத்தான் எங்களுக்குக் கரச்சலு” என்றார்.

அந்தப் பேச்சு மலையகத் தோட்டத்தின் பேச்சு. பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில்தான் தம் வீடு என்றார். சாளரத்துக்கு வெளியே நாங்கள் இரண்டு நாட்களாகப் பார்த்து வியந்த அந்தப் பச்சை மலைகளில் அவருடைய தாய் கொழுந்து பறித்தவராம்.

வடக்கில் வாழும் நாம் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். மலையகத்துப் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே கூட்டிவந்து வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகள் பலவற்றில் இருந்தது. நம் பிள்ளை படுக்கையை நனைத்தால், அதே வயதுடைய அந்தப் பிள்ளை எழுந்து கழுவியது. அங்கேயும் நாம் சொன்ன நியாயம் இதுதான்: “சாப்பாடு போடுகிறோம், சம்பளம் கொடுக்கிறோம்.” ஆகவே, ‘காசு கட்டியிருக்கிறோம்’ என்ற சொல் அன்று நுவரெலியாவில் என் வாயில் புதிதாகப் பிறந்த சொல்லல்ல. நான் அதைப் பெரியவர்களிடம் கேட்டு வளர்ந்தேன். என் மகள் என்னிடம் கேட்டாள்.

பிள்ளை எதைப் படிக்கிறது?

நாம் பிள்ளைகளுக்கு உண்மை பேசும்படி வீட்டில் புத்தி சொல்கிறோம். ஆனால் விடுமுறை என்று வந்துவிட்டால் நம் ஒழுக்கத்துக்கும் விடுமுறை கொடுத்துவிடுகிறோம். ஆறு வயதுப் பிள்ளையை அரைக் கட்டணத்துக்காக ஐந்து வயது என்கிறோம். காசு கட்டியதற்காகத் தின்ன முடியாததையெல்லாம் கோப்பையில் குவித்துவிட்டு மிச்சம் விடுகிறோம். நம்மை அறிந்தவர் எவரும் அங்கே இல்லை. நாளைக்கு நாம் திரும்பிப் பார்க்கப்போகும் முகங்களும் அங்கே இல்லை. நம்மைக் கவனித்துக்கொண்டிருப்பவர்கள் நம் பிள்ளைகள் மட்டுமே.

இதில் இன்னொன்றும் உண்டு. நான் மெத்தையை மறைத்தபோது, நடந்தது மறைக்கவேண்டிய வெட்கக்கேடு என்று நான்கு வயதுப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்தேன். பணியாளரிடம் சொன்னபோதோ அவர் சிரித்தார். “சின்னப் புள்ளைங்கதானே” என்றார். என் பிள்ளையின் மானத்தை நான் காப்பாற்ற முயன்றதைவிட அந்த மனிதர் நன்றாகக் காப்பாற்றிவிட்டார்.

சிறு பிள்ளைகளோடு வெளியூர் போகும் தாய் தந்தையருக்கு நடைமுறையாகச் சொல்லக்கூடியவை சிலவே. பெட்டிக்குள் ஒரு றப்பர் விரிப்பை வைத்துக்கொள்ளுங்கள். இரவில் படுக்கமுன் பிள்ளையை வெளிக்குப் போய்வரச் செய்யுங்கள். ஏதும் நடந்துவிட்டால் காலையில் முதல் வேலையாகச் சொல்லுங்கள். சொல்லும்போது பிள்ளையைக் குற்றவாளியாக முன்னால் நிறுத்த வேண்டாம்; அது பெரியவர் சொல்ல வேண்டிய செய்தி. அறையைத் துப்புரவாக்குகிறவரின் பெயரைப் பிள்ளைகளுக்கு முன்பாகவே கேட்டு, அந்தப் பெயர் சொல்லி நன்றி கூறுங்கள்.

திரும்பி வரும்போது, புகையிரதத்தில் மகளைப் பக்கத்தில் இருத்தி, காலையில் நான் சொன்னது பிழை என்று சொன்னேன். “நாங்கள் காசு கட்டினது அவர் செய்யிற வேலைக்குப் பிள்ளை. எங்களுக்காக அவர் பேச்சு வாங்கிறதுக்கு நாங்கள் காசு கட்டேல்லை. ஒருத்தரின்ரை முகத்தைப் பாராமல் விடுறதுக்கும் கட்டேல்லை.”

அவள் சற்று நேரம் யோசித்தாள். பிறகு கேட்டாள்: “அப்ப வீட்டிலை கழுவுறதுக்கு அம்மாவுக்கு ஆர் காசு கட்டுறது?”

மனைவி சிரித்துக்கொண்டு சாளரத்தின் பக்கம் திரும்பிவிட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்றிரவு வீட்டில் சாப்பிட்ட கோப்பையை நானே எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினேன்.